பெர்ன்ஹில் மேட்டில் எந்தக் கார் ஜெயிக்கும்?

ஊட்டியை அடுத்து இருக்கிறது பெர்ன்ஹில். மைசூர் மகாராஜாக்கள் கோடையில் வந்து தங்கிய அரண்மனை இங்கேதான் உள்ளது. கடல் மட்டத்தில் இருந்து உயரம், சுமார் 2,200 மீட்டர்.

சமவெளியில் இருந்து இங்கே ஏறி வரும் மனிதனுக்கு மூச்சு வாங்கும். காருக்கும் அப்படித்தான்! இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி, கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்தால் எரியும் பெட்ரோலும் குறையும். சக்தியும் குறையும்.

இதற்கு மருந்து உண்டா? உண்டு. அதன் பெயர் "டர்போ".

புகை செய்யும் வேலை

சாதாரண என்ஜின், தானாக உறிஞ்சும் காற்றோடு திருப்தி அடைகிறது. டர்போ என்ஜினிலோ, வெளியே போகும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. வீணாய்ப் போகும் புகையே வேலைக்காரன் ஆகிவிடுகிறது!

1918-ம் ஆண்டில் அமெரிக்க என்ஜினீயர் சான்போர்டு மோஸ், ஒரு விமான என்ஜினை பைக்ஸ் பீக் மலை உச்சிக்குக் கொண்டு போனார். உயரம் 14 ஆயிரம் அடி. தரையில் சுமார் 350 குதிரை சக்தி தந்த அந்த என்ஜின், டர்போவின் துணையால் உச்சியிலும் அதே சக்தியைத் தந்தது.

அண்ணனும் தம்பியும்

ஜெர்மனியின் "போர்ஷே 911" காரை எடுத்துக்கொள்வோம். 1970-களின் நடுவில் இதில் இரண்டு வகைகள் வந்தன. ஒன்று, டர்போ இல்லாத "கரேரா". மற்றொன்று, 1974-ல் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான "டர்போ". இரண்டிலும் 6 சிலிண்டர், 2,994 சி.சி. ஆனால் கரேராவின் சக்தி 200 குதிரை. டர்போவின் சக்தி 260!

பெர்ன்ஹில் உயரத்தில் கரேராவின் 200, கணக்குப்படி சுமார் 160 ஆகிவிடும். டர்போவும் கொஞ்சம் இழக்கும். ஆனால் அந்த இழப்பு குறைவு.

அப்படியானால் டர்போதானே ஜெயிக்கும்? அவசரப்பட வேண்டாம்.

வளைவில் ஆபத்து

ஊட்டியில் இருந்து மசினகுடிக்குப் போகும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். அப்போது புகை குறைகிறது, டர்போ தூங்கிவிடுகிறது. மறுபடி மிதித்தால் உடனே எழாது. டிரைவர் இன்னும் மிதிப்பார். நடு வளைவில் அது திடீரென்று விழித்துக்கொண்டால், என்ஜின் பாரம் பின்னால் உள்ள அந்தக் காரின் வால் பக்கவாட்டில் வீசும். பயந்து காலை எடுத்தாலும் ஆபத்துதான். கரேரா அப்படி அல்ல. மிதித்த அளவுக்கு உடனே இழுக்கும்.

அமுக்க விகிதத்திலும் இரண்டும் வேறு. கரேராவுக்கு 8.5. டர்போவுக்கு 6.5 மட்டுமே. இறக்கத்தில் எந்தக் காரிலும், கீழ் கியரில் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக் அதிகம் சூடேறாது.

ஆனால், குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே மலை ரெயிலை இழுத்த "ஒய்.டி.எம்.4" டீசல் என்ஜினுக்கு டர்போதான் பலம். ஒரே சீராக இழுக்கும் வேலையில் டர்போ தூங்குவது இல்லை.

இன்றைய கார்களில் சிறிய சக்கரங்களும் மின்னணுக் கட்டுப்பாடும் அந்தத் தூக்கத்தைப் பெரிதும் குறைத்துவிட்டன. ஆனால் மலை மாறவில்லை. எந்தக் காரானாலும், இறங்கும்போது கீழ் கியரில் இறங்குங்கள்!