ஹாஃப்லிங்குக்கு என்ன தொழில்?

திண்டுக்கல்லில் எங்கள் கோடை விடுமுறை மதியங்கள் ராஜா ராணி ஆட்டத்தில்தான் கழியும். காகிதத் துண்டுகளில் ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று எழுதி, மடித்து, குலுக்கித் திண்ணையில் போடுவோம். திருடன் சீட்டு யார் கையில் விழும் என்று யாருக்கும் தெரியாது. இந்தச் சுற்றில் திருடனாக மாட்டியவள் அடுத்த சுற்றில் ராணியாக உட்கார்ந்திருப்பாள். திருடன் என்பது ஒரு சீட்டு, அவ்வளவுதான். ஆட்டம் முடிந்ததும் கிழித்துப் போட்டுவிடலாம்.

இப்போது என் வீட்டு மேசையில் பிள்ளைகள் ஆடுவது டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் கதையை நடத்துவார், அவருக்கு டிஎம் என்று பெயர். மற்றவர்கள் தலைக்கு ஒரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் போவார்கள். சுவர் ஏற வேண்டுமா, பூதத்தை வெட்ட வேண்டுமா, இருபது முகப் பகடையை உருட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். பாத்திரத்தை உருவாக்கும்போது இரண்டு தீர்மானங்கள் முக்கியம். ஒன்று இனம்: மனிதர், எல்ஃப், டுவார்ஃப், ஹாஃப்லிங் என்று பல உண்டு. மற்றது கிளாஸ், அதாவது அந்தப் பாத்திரம் கற்ற தொழில்: போர்வீரர், மந்திரவாதி, பூசகர், பாணர், திருடர். ஹாஃப்லிங் மூன்றடி உயரம், பதுங்குவதில் கெட்டிக்காரர். இந்தச் சின்ன உருவத்துக்கு என்ன தொழில் கொடுப்பது என்ற கேள்விக்கு அந்த ஆட்டத்தின் விதிப்புத்தகங்கள் ஐம்பது ஆண்டுகளில் சொன்ன பதில்களைத் திரும்பிப் பார்த்தால், விளையாட்டைவிடப் பெரிய ஒன்று கண்ணில் படுகிறது.

ஆரம்பம் ஆங்கில எழுத்தாளர் டோல்கீனிடம், அவருடைய ஹாபிட்தான் ஹாஃப்லிங்கின் மூலம். 1937-இல் வந்த 'தி ஹாபிட்' நாவலில் டுவார்ஃபுகளின் கூட்டமொன்று, டிராகனிடம் பறிகொடுத்த செல்வத்தை மீட்கக் கிளம்பும்போது பில்போ என்ற ஹாபிட்டைத் திருடன் வேலைக்கு அமர்த்திக்கொள்கிறது. பில்போ அதுவரை ஒரு துரும்பைக்கூடத் திருடியவன் அல்ல. வீடு, தோட்டம், வேளைக்குச் சாப்பாடு என்று வாழ்ந்த குடித்தனக்காரன். திருடன் வேலை வெளியிலிருந்து வந்தவர்கள் அவனுக்குக் கொடுத்தது.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் ஆட்டத்தை வெளியிட்டபோது ஹாபிட் அதில் போர்வீரராக மட்டுமே இருக்கலாம். அதுவும் நான்காம் நிலை வரைக்கும்தான். கூட ஆடும் மனிதப் பாத்திரம் அதற்கு மேலும் வளர்ந்துகொண்டே போகும், ஹாபிட் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். மனிதர்கள் மேலோங்கிய உலகமே ஆட்டத்துக்கு வேண்டும் என்பது கைகாக்ஸின் எண்ணம். திருடன் என்ற கிளாஸ் 1975-இல் 'கிரேஹாக்' இணைப்பு நூலில் வந்தது. ஹாபிட் என்ற பெயருக்கு உரிமையாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததால் பின்னால் ஹாஃப்லிங் ஆனது.

1978-இன் விதிப்புத்தகத்தில் ஹாஃப்லிங் போர்வீரராகலாம், திருடராகலாம், இரண்டும் சேர்ந்தவராகலாம். வேறெதுவும் இல்லை. போர்வீரராக ஏறினால் சீக்கிரமே கூரை தட்டும், திருடராக ஏறினால் எல்லையே கிடையாது. பின்னால் இருந்த அட்டவணை இன்னும் வெளிப்படையாகப் பேசும்: திருடத் தொடங்கும் ஹாஃப்லிங்குக்கு நிழலில் ஒளிய 15 சதவீதம் கூடுதல், ஓசையின்றி நடக்க 10, பூட்டுத் திறக்க 5, பிக்பாக்கெட்டுக்கு 5. சுவர் ஏறுவதில் 15 குறைவு, எழுத்து வாசிப்பதிலும் 5 குறைவு. கற்றுக்கொள்ளும் முன்பே, பிறந்ததற்காக மட்டுமே இத்தனை மதிப்பெண். அந்த அட்டவணையைப் பார்த்த பிறகு எந்தப் பையன் வேறு தொழில் எடுப்பான்? 1981-இன் எளிய பதிப்பு இன்னும் ஒரு படி போனது. அதில் ஹாஃப்லிங்குக்குத் தனியாகத் தொழிலே இல்லை, ஹாஃப்லிங்காக இருப்பதுதான் தொழில். எட்டாம் நிலையோடு அதுவும் முடிந்துவிடும்.

அமெரிக்காவில் இது வெறும் ஆட்ட விதி. எங்கள் பக்கத்தில் வாசிக்கும்போது அப்படித் தோன்றுவதில்லை. பிறக்கும்போதே குற்றவாளி என்று மனிதர்களை எழுதிவைத்த சட்டம் இந்த மண்ணில் நடந்திருக்கிறது. 1871-இன் குற்றப்பரம்பரைச் சட்டம், 1911-இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. திண்டுக்கல்லும் சேர்ந்திருந்த அன்றைய மதுரை மாவட்டத்தில் பிரமலைக் கள்ளர் ஆண்கள் கைரேகை வைத்துப் பெயர் பதிய வேண்டும், இரவில் போலீஸ் கண்ணெதிரே இருக்க வேண்டும். ரேகைச் சட்டம் என்றே ஊர்களில் அதற்குப் பெயர். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் பதினாறு பேர் இறந்தார்கள், அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947-இல்தான்.

சட்டம் போன ஆறே ஆண்டுகளில் இன்னொரு வடிவத்தில் அதே சிந்தனை எட்டிப் பார்த்தது. 1953-இல் ராஜாஜி அரசின் தொடக்கக் கல்வித் திட்டப்படி கிராமத்துப் பிள்ளைகள் அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பா அம்மாவின் தொழில். குலக்கல்வி என்று தமிழ்நாடே எதிர்த்தது. 1954-இல் காமராஜர் முதல்வராக வந்ததும் அது கைவிடப்பட்டது. இந்த வரலாறு தெரிந்த ஒருவர், "இவன் குட்டை, இவன் ஒளிவான், ஆகவே இவன் திருடன்" என்ற விதியை விளையாட்டாகவேனும் பிள்ளைகளுக்கு அப்படியே வாசித்துக் காட்ட முடியாது. என்னால் முடியவில்லை.

விதிப்புத்தகங்களும் அங்கேயே நின்றுவிடவில்லை என்பதுதான் மகிழ்ச்சி. 1989-இல் ஹாஃப்லிங் பூசகராகலாம் என்றார்கள். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு எல்லாக் கதவுகளையும் திறந்தது, எந்த இனத்தவரும் எந்தத் தொழிலும் செய்யலாம். ஆனாலும் பழைய நிழல் ஓரமாக நின்றது. திருடர் என்ற பெயர் ரோக் என்று மாறியது, ஹாஃப்லிங்குக்கு உகந்த தொழில் ரோக் என்று ஒரு வரி இருந்தது, கையின் வேகத்துக்கு இரண்டு கூட்டி உடல் பலத்தில் இரண்டு கழித்தார்கள். 2014-இன் ஐந்தாம் பதிப்பில் கழித்தல் இல்லை, வேகத்துக்கான கூட்டல் மட்டும் தங்கியது. 2020-இல் வந்த 'டாஷாஸ் கால்ட்ரன்' நூல் அந்தக் கூட்டலை விரும்பிய இடத்துக்கு மாற்றிக்கொள்ள அனுமதித்தது.

2024-இன் விதிப்புத்தகம் செய்ததுதான் பெரிய மாற்றம். பலம், வேகம், அறிவு ஆகியவற்றுக்கான கூட்டல் இனத்தோடு இனி ஒட்டவே ஒட்டாது. பாத்திரம் வளர்ந்த பின்னணியிலிருந்து அது வரும். கைவினைஞர், விவசாயி, அறிஞர் என்று பதினாறு பின்னணிகள். குற்றவாளி என்ற பின்னணியும் அவற்றில் ஒன்று. பூட்டுத் திறக்கும் கருவிகளில் பழக்கமும் ஒளிந்து நடக்கும் திறமையும் அந்தப் பின்னணியோடு வருகின்றன. மனிதரோ எல்ஃபோ டுவார்ஃபோ, யார் வேண்டுமானாலும் அதை எடுக்கலாம். குற்றம் பிறப்பில் இல்லை, வாழ்ந்த வாழ்க்கையில் இருக்கிறது என்று ஒரு விளையாட்டுப் புத்தகம் சொல்ல ஐம்பது ஆண்டு ஆகியிருக்கிறது. திண்ணையில் குலுக்கிப் போட்ட சீட்டுக்கு அது முன்பே தெரியும்.

பதுங்கும் குணம் மட்டும் ஹாஃப்லிங்கிடம் இன்றும் இருக்கிறது: தன்னைவிடப் பெரிய ஆளின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியும். அது இருக்கட்டும் என்றுதான் நான் சொல்வேன். பதுங்குவது வேறு, திருடுவது வேறு. அய்யலூர்க் காடுகளில் இருக்கும் தேவாங்கைப் பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பு, இரவில் மட்டும் நடமாட்டம், கிளையிலிருந்து கிளைக்கு இலை அசையாத நகர்வு. அது யாருடைய பொருளையும் எடுப்பதில்லை, பூச்சிகளைத் தின்று உழவனுக்கு நன்மைதான் செய்கிறது. அது ஒளிவது, பிடிக்க ஆள் இருப்பதால். மருந்துக்கென்றும் மாந்திரீகத்துக்கென்றும் அதைப் பிடித்தார்கள். 2022 அக்டோபரில் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களின் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. சின்ன உருவமும் பதுங்கும் குணமும் கொண்ட ஒரு கூட்டத்தைக் கதையில் வைக்க விரும்பும் டிஎம், இங்கிலாந்துக் குன்றுகளைத் தேடிப் போக வேண்டாம், வடமதுரை தாண்டினால் போதும். அப்படிப்பட்ட கூட்டத்தில் பிறந்த பாத்திரத்துக்குக் காடு காக்கும் ரேஞ்சரும் விலங்குருக் கொள்ளும் டிரூயிடும் எவ்வளவு இயல்பாகப் பொருந்துகின்றன!

இனி, என்ன எடுக்கலாம் என்று நேராகக் கேட்பவர்களுக்கு. ரோக் இன்றும் நல்ல தேர்வுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஹாஃப்லிங்கின் உண்மையான செல்வம் அதிர்ஷ்டம் என்பது என் கருத்து: இருபது முகப் பகடையில் ஒன்று விழுந்தால் மறுபடி உருட்டலாம். அதிகமாக உருட்டுகிறவருக்கு இது அதிகமாகப் பயன்படும், ஆகவே ஒரே மூச்சில் பல அடி அடிக்கும் மாங்க், பல அம்பு விடும் போர்வீரர் இரண்டுமே பிரமாதமாக வரும். அச்சத்தை எதிர்க்கும் துணிச்சல் பிறவியிலேயே உண்டு என்பதால் மற்றவர்கள் ஓடும் இடத்தில் பூசகராக நின்று காயம் ஆற்றலாம். வெறிகொண்டு சண்டையிடும் பார்பேரியன் 2014-இல் சங்கடமான தேர்வு, கனத்த ஆயுதம் சின்ன உடம்புக்கு ஒத்துவராது என்ற விதி குறுக்கே நின்றது. 2024-இல் உடம்பின் அளவைப் பார்ப்பதில்லை. பலம் 13 இருந்தால் பெரிய கோடாரியையே தூக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது பாலடின், அறத்துக்காகச் சபதம் ஏற்ற குதிரை வீரர். குதிரை சுரங்கத்துக்குள் நுழையத் திணறும். ஹாஃப்லிங் சின்ன உருவம் என்பதால் பெரிய நாயின் மீதே ஏறிப் போகலாம், விதிப்புத்தகத்தின் வாகனப் பட்டியலில் மாஸ்டிஃப் நாய் இருக்கிறது. இதைச் சொன்னதும் என் அண்ணன் மகள் விட்டாளா?

"சித்தப்பா, எனக்கு மாஸ்டிஃப் வேணாம். கோம்பை நாய்தான் வேணும்."

"கோம்பை அவ்வளவு பெரிசு இல்லடா."

"நானும்தான் பெரிசு இல்ல."

கோம்பை நாய் மீது ஏறிய மூன்றடி வீராங்கனை அன்றைக்கே எங்கள் கதைக்குள் வந்துவிட்டாள். குகை வாசலில் பூதத்தைக் கண்டு மற்ற எல்லோரும் பின்வாங்கியபோது முன்னால் போனது அவள்தான்.

அதே மேசையில் இன்னொரு பையன் பூட்டுத் தொழில் செய்த வீட்டுப் பிள்ளை. வந்ததும் ரோக் எடுக்கிறேன் என்றான், காரணம் பூட்டு. ஆர்டிஃபிசர் என்று ஒரு கிளாஸ் இருக்கிறது, பார் என்றேன். 2019-இல் 'எபெரான்' நூலோடு ஐந்தாம் பதிப்புக்கு வந்த கிளாஸ் அது. மந்திரத்தைக் கருவிகளாகச் செய்து தரும் கைவினைஞர். திருடரின் கம்பிகளும் அவருக்குப் பழக்கம், கம்மியரின் சாமான்களும் பழக்கம். 2024-இன் கைவினைஞர் பின்னணி பலம், வேகம், அறிவு மூன்றில் கூட்டிக்கொள்ள விடுவதால் இரண்டும் நன்றாக இணையும். பூட்டைத் திறக்கத் தெரிந்த ஹாஃப்லிங் எதற்காகத் திருடராக இருக்க வேண்டும்? பூட்டைச் செய்தவரைவிட அதைத் திறக்கத் தெரிந்தவர் யார்?

திண்டுக்கல் பூட்டை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. மாங்காய்ப் பூட்டு, பெட்டிப் பூட்டு, கோயில் பூட்டு, திறந்தால் மணியடிக்கும் பூட்டு என்று ஐம்பது வகைக்கு மேல் இங்கே கையால் செய்தார்கள். உள்ளே இருக்கும் லீவர்கள் ஒவ்வொன்றையும் சாவி அதனதன் உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் விலகும். லீவர் கூடக் கூடக் கள்ளச்சாவிக்கு வழி அடைபடும். விதிப்புத்தகத்திலோ சாதாரணப் பூட்டு எல்லாவற்றையும் திறக்கப் பகடை உருட்டி எட்ட வேண்டியது ஒரே எண், 15. பையனுக்கு அது பொறுக்கவில்லை. மூன்று லீவருக்கு 15, அதற்கு மேல் ஒவ்வொரு லீவருக்கும் ஒன்று கூட்டுவது, எட்டு லீவர் பூட்டுக்கு 20 என்று அவனே கணக்குப் போட்டுக் கொடுத்தான். எங்கள் மேசையில் இப்போது அதுதான் சட்டம்.

அவன் வீட்டில் இன்று யாரும் பூட்டு செய்வதில்லை. அலிகரின் இயந்திரப் பூட்டு விலை மலிந்து வந்த பிறகு இங்கே பட்டறைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தும் அரம் பிடிக்க இளையவர்கள் வருவது அரிது. அப்பா செய்த தொழிலையே மகன் செய்ய வேண்டும் என்று நான் ஒருபோதும் கேட்க மாட்டேன். குலக்கல்வியை எதிர்த்த நாட்டில் பிறந்துவிட்டு அதை எப்படிக் கேட்பது? ஆனால் தொழில் பிறப்பால் வராது என்றான பிறகு, அதை விரும்பி எடுக்க யாராவது வேண்டும். அந்த யாராவது எந்தத் தெருவிலிருந்தும் எந்தச் சாதியிலிருந்தும் வரலாம், பெண்ணாகவும் இருக்கலாம். கற்றுக்கொடுக்கத் தெரிந்த கைகள் இன்னும் கொஞ்சம் இந்த ஊரில் இருக்கின்றன. பயிற்சிக் காலத்தில் வயிற்றுக்குப் போதுமான கூலியும், செய்த பூட்டுக்கு நியாயமான விலையும் கிடைத்தால் வருகிறவர்கள் வருவார்கள் என்றே நம்புகிறேன். அந்தப் பையன் இப்போதைக்குத் தன் பெரியப்பாவிடம் பழைய பூட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆட்டத்துக்கு வேண்டுமாம்.