குறட்டையும் இருதயமும்

படுத்த மாத்திரத்தில் குறட்டை விடுபவரைக் கண்டால், "கொடுத்து வைத்தவர், கவலையின்றி உறங்குகிறார்" என்று சொல்வது நம் வீடுகளில் வழக்கம். கும்பகர்ணனை உவமை கூறி நகையாடுவாரும் உளர். ஆனால் அக்குறட்டையைச் சற்றே செவிசாய்த்துக் கேட்டால், சிலரிடத்து ஒரு விந்தை புலப்படும். ஓசை ஓங்கிக் கொண்டே போய், திடீரென்று நின்றுவிடும். 10 வினாடி, 20 வினாடி, சில வேளை அரை நிமிஷத்திற்கு மேலும் மூச்சே இராது. பின்னர் ஒரு திணறல், மீண்டும் குறட்டை. நேயர்களே, அஞ்சத் தக்கது அந்த ஓசையன்று. இடையே வரும் மௌனமே.

மருத்துவர் இதனை 'ஸ்லீப் அப்னியா' என்பர். உறக்க மூச்சுத்தடை என்று நாம் சொல்லலாம். விழித்திருக்கும்போது தொண்டையின் தசைகள் இறுகி நின்று காற்றுவழியைத் திறந்து வைக்கின்றன. உறக்கத்தில் அவை தளர்கின்றன. கழுத்துப் பருத்தவர்க்கும், கீழ்த்தாடை பின்வாங்கியவர்க்கும் முன்னமே குறுகிய வழி, அப்போது அடைபட்டே போகிறது. மூச்சு நிற்பதும் குன்றுவதுமாக மணிக்கு 5 முறை நேர்ந்தாலே நோய் எனக் கொள்வர். 30 முறையானால் கடுமை. 7 மணி நேர உறக்கத்தில் இது 210 முறையாகிறது.

இனி இருதயத்திற்கு வருவோம். பிறப்பு முதல் இறப்பு வரை ஓயாது உழைக்கும் அவ்வுறுப்புக்கு, இரவே ஓரளவு இளைப்பாறும் பொழுது. நல்ல உறக்கத்தில் இரத்த அழுத்தம் பகற்பொழுதைவிட நூற்றுக்கு 10 முதல் 20 வரை தாழ்கிறது. மூச்சுத்தடை உடையவர்க்கோ இந்த இளைப்பாறல் பறிபோகிறது.

எவ்வாறு எனில், தொண்டை அடைபட்டாலும் மார்பு வாளா இருப்பதில்லை. வாய் அடைத்த துருத்தியை வலிந்து விரிப்பது போலக் காற்றை இழுக்க முயல்கிறது. அந்த இழுவிசை இருதயத்தின் சுவர்களையும் புறத்தே இழுக்கிறது. மேலறைகள் விரிகின்றன. விரிந்த அறை, உடலில் நீர் மிகுந்துவிட்டதென மயங்கி, சிறுநீரைப் பெருக்கும் ஒரு சுரப்பை இரத்தத்தில் விடுகிறது. இரவில் பன்முறை எழுந்து சிறுநீர் கழிப்பவர் நீரிழிவோ என்று ஐயுறுவர். சிலர்க்குக் காரணம் தொண்டையில் இருக்கும்! இவ்விழுவை பல்லாண்டு நீடிப்பின் மேலறைகளின் துடிப்பே தாளம் தவறக்கூடும்.

இதற்கிடையே இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை அபாயமணி அடிக்கிறது. நரம்புகள் முடுக்கப்பட்டு, இரத்தக் குழாய்கள் சுருங்கி, அழுத்தம் எகிறுகிறது. உறங்குபவர் ஒரு கணம் விழித்து, மூச்சை மீட்டு, விழித்ததே அறியாமல் மீண்டும் உறங்குகிறார். நரம்புகளின் இம்முடுக்கம் விடிந்த பின்னும் தணிவதில்லை. மூன்று மருந்து உண்டும் இறங்காத இரத்தக் கொதிப்பிற்கு இதுவும் ஒரு காரணம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்து, 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியில், மணிக்கு 15 முறைக்குக் குறையாமல் மூச்சுத் தடைப்பட்டோர்க்கு, தடையே இல்லாதாரினும் நான்காண்டில் இரத்தக் கொதிப்பு தோன்றும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கெனக் கண்டனர். திடீர் இருதய மரணம் பொதுவாகக் காலை வேளையில் மிகுதி. 2005இல் மேயோ மருத்துவமனையார் வெளியிட்ட கணக்கிலோ, இந்நோயாளருள் அவ்வாறு மாண்டோரில் நூற்றுக்கு 46 பேர் நள்ளிரவுக்கும் காலை 6 மணிக்கும் இடையே மாண்டனர். இந்நோய் இல்லாதாருள் 21 பேரே.

சிகிச்சை உண்டா? 1981இல் சிட்னி நகரத்து டாக்டர் காலின் சல்லிவன், மூக்கில் பொருத்திய உறை வழியே இடைவிடாது காற்றைச் செலுத்தும் முறையை வெளியிட்டார். அக்காற்றே முட்டுக்கொடுத்துத் தொண்டையை மூடவிடாது காக்கிறது. பகல் உறக்கம் நீங்குகிறது. இரத்த அழுத்தமும் சிறிது தணிகிறது. ஆயின் மாரடைப்பைத் தடுக்குமா? முன்னமே இருதய நோயோ மூளை இரத்தக்குழாய் நோயோ உற்ற 2,700 பேருக்கு மேற்பட்டோரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2016இல் வெளிவந்தது, தடுத்ததாகத் தெரியவில்லை. அவர்கள் இரவில் சராசரி மூன்று மணி நேரத்திற்குச் சற்று மிகுதியாகவே கருவியை அணிந்தனர். குடையை மடக்கி வைத்துவிட்டு மழையில் நனைந்தால் குடையின் குற்றமா என்பர் ஒரு சாரார். அது முழு விடையாகுமா என்பது என் ஐயம். உடற்பருமனைக் குறைத்தலும், மதுவை விலக்கலும், ஒருக்களித்துப் படுத்தலும் பலர்க்கு உதவுவன என்பதில் ஐயமில்லை.

நோயாளியை வினவினால், "நன்றாக உறங்கினேன்" என்றே சொல்வார். அந்த மௌனத்தைக் கேட்டவர் அருகே படுத்திருந்த மனைவியோ கணவரோதாம். ஆகவே மருத்துவரிடம் செல்கையில் அவரும் உடன் செல்லுதல் வேண்டும். விரலில் கவ்வும் சிறு கருவியும், மார்பைச் சுற்றும் பட்டையும் அணிந்து ஓரிரவு உறங்கினால், மூச்சு எத்தனை முறை நின்றது, பிராணவாயு எவ்வளவு தாழ்ந்தது என்பன காலையில் கணக்காக வந்துவிடும்.