சொரசொரப்பும் காற்றின் கொந்தளிப்பும்

ஆட்டையாம்பட்டித் திடலொன்றில், அஸ்ருக்குப் பின் பந்தாடிக் கொண்டிருந்த மாணவர் ஒருவர் நம்மிடம் வந்து கேட்டார்: "ஹஜ்ரத், பந்தின் ஒரு பாதியைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்கள். மறுபாதியைச் சொரசொரப்பாகவே விட்டுவிடுகிறார்கள். சொரசொரப்பு காற்றைத் தடுக்கத்தானே செய்யும்?" கேள்வி நியாயமானது. ஆனால் விடை நாம் எதிர்பார்க்கும் திசையில் இல்லை.

ஒரு பொருளைக் கடந்து செல்லும் காற்று, அதன் மேற்பரப்பை ஒட்டிய இடத்தில் நகராமல் நின்றுவிடுகிறது. சற்றே விலகினால் முழுவேகம் பெறுகிறது. இடைப்பட்ட மெல்லிய பகுதியே எல்லைப்படலம். 1904இல் ஜெர்மானிய அறிஞர் லுட்விக் பிராண்டில் இதனை விளக்கினார். பறக்கும் கிரிக்கெட் பந்தின் மீது இப்படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு.

இப்படலம் இருவகையாக ஓடும். ஒன்று, அடுக்கடுக்காக அமைதியாகச் செல்லும் சீரோட்டம். மற்றொன்று, சுழல்கள் நிறைந்த கொந்தளிப்போட்டம். முன்னது பின்னதாக மாறும் இடைநிலையைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சதீஷ் தவானும் ரொத்தம் நரசிம்மாவும் ஆராய்ந்து 1958இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் மதிக்கப்படுகிறது. மேற்பரப்பில் ஒரு மேடு இருந்தால் அதன் பின்னே சிறு சுழல்கள் தோன்றுகின்றன. வேகம் போதுமானதாக இருந்தால் அவை தணியாமல் வளர்ந்து, படலம் முழுவதையும் கொந்தளிக்க வைக்கின்றன.

கொந்தளிப்பு உராய்வைக் கூட்டும் என்பது உண்மையே. ஆயினும் அது வெளியே விரையும் காற்றின் ஆற்றலை மேற்பரப்பின் அருகே கொண்டுவந்து சேர்க்கிறது. அதனால் படலம் பந்தை விட்டு எளிதில் பிரியாமல், பின்புறம் வரை ஒட்டிச் செல்கிறது. பந்தின் பின்னே உருவாகும் வெற்றுச்சுழல் பகுதி சுருங்குகிறது. பந்துக்கு ஏற்படும் தடையில் பெரும்பங்கு அப்பகுதியால் விளைவது; எனவே மொத்தத் தடை குறைகிறது. 1914இல் பிராண்டில் ஓர் உருண்டையின் மீது மெல்லிய கம்பி வளையத்தைப் பொருத்தி இதனை மெய்ப்பித்தார். கோல்ஃப் பந்தின் குழிகளும் இப்பணியையே செய்கின்றன.

கிரிக்கெட் பந்தில் கம்பியின் வேலையைத் தையல் செய்கிறது. தையலைச் சாய்த்து வீசும்போது, ஒரு பக்கத்துக் காற்று தையலில் இடறிக் கொந்தளித்து, நெடுந்தூரம் ஒட்டிச் செல்கிறது. வழவழப்பான மறுபக்கத்தில் சீரோட்டம் முன்னதாகவே பிரிகிறது. இச்சமமின்மையால் பந்து தையல் சாய்ந்த திசையில் வளைகிறது. இதுவே ஸ்விங்.

பந்து பழையதாகி, காற்று முதலில் மோதும் பாதி சொரசொரப்பானால் நிலை தலைகீழாகிறது. அப்போது தையலை எட்டும் முன்பே இருபுறமும் படலம் கொந்தளித்துவிடுகிறது. தையல் அதனை மேலும் தடிப்பாக்கி வலுவிழக்கச் செய்ய, அப்பக்கமே முன்னதாகப் பிரிகிறது. பந்து எதிர்த்திசையில் வளைகிறது. இதுவே ரிவர்ஸ் ஸ்விங். பந்தின் ஸ்விங் குறித்து 1983இல் 'நேச்சர்' இதழில் சக ஆய்வாளர்களுடன் எழுதிய ரவீந்திர மேத்தா, பின்னர் நாசாவில் பணியாற்றியவர். இம்ரான் கானின் பள்ளித்தோழர்.

இக்கலையைப் பரவலாக்கியவர்கள் பாகிஸ்தான் வீரர்கள். 1992இல் இங்கிலாந்தில் வாசிம் அக்ரமும் வக்கார் யூனிசும் விக்கெட்டுகளை வீழ்த்தியபோது, அவர்கள் பந்தைச் சேதப்படுத்துகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. ஆடுகளத்தில் இயல்பாகத் தேய்ந்த பந்தே இவ்வாறு வளையக்கூடும் என்பதைக் காற்றியக்க ஆய்வு காட்டியது. புரியாத திறமை முதலில் சந்தேகத்துக்குள்ளாயிற்று.

எனினும் நடுநிலை தவறலாகாது. 1981இல் ஒரு கவுண்டி ஆட்டத்தில் புட்டி மூடியால் பந்தைக் கீறியதை இம்ரான் கானே பின்னாளில் ஒப்புக்கொண்டார். 2018இல் கேப்டவுனில் ஆஸ்திரேலிய வீரர்கள் உப்புத்தாளுடன் பிடிபட்டனர். கீறியது மைதானமா, மனிதக் கரமா என்று காற்று கேட்பதில்லை. இரண்டிலும் பந்து ஒன்றுபோலவே வளையும். அந்த வேறுபாட்டைக் காக்க வேண்டியது ஆடுபவரின் நேர்மை.

நம் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடத் தொடங்கிய நடராஜன், 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் களம் கண்டார். நம் மாணவர்களுக்கும் திடல் உண்டு, பந்து உண்டு. பந்து ஏன் வளைகிறது என்ற அறிவும் அவர்களுக்கு வேண்டும். ஆராயாமல் பிறரைக் குற்றஞ்சாட்டாத மனமும் வேண்டும்.