கடவுள் ஏன் கண்முன்னே வருவதில்லை?

யாழ்ப்பாணத்து வடமராட்சியில், வல்வெட்டித்துறையிலிருந்து கரையோரமாக மேற்கே வந்தால் தொண்டைமானாறு. ஆற்றங்கரையில் செல்வச்சந்நிதி முருகன் கோயில். அங்கே கருவறையில் வழிபடப்படுவது வேல். பூசகர்கள் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்கிறார்கள். மருதர் கதிர்காமர் என்ற அடியவருக்கு முருகன் நேரில் தோன்றினார், வழிபட வேலும் கொடுத்தார் என்று ஊர் சொல்கிறது.

அதே வடமராட்சியில், கிழக்கே பருத்தித்துறையில், 1838இல் மெதடிஸ்த மிஷன் தொடங்கிய பாடசாலைதான் இன்றைய ஹாட்லிக் கல்லூரி. சைவப் பிள்ளையும் வேதக்காரப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்து படித்து வளரும் ஊர்கள் இவை. இப்படியான இடத்தில் ஒரு கேள்வி எழாமல் இருக்காது: "எங்கட முருகன் வந்து காட்சி குடுத்தவர். உங்கட ஆண்டவர் ஏன் ஒருக்காலும் முன்னுக்கு வந்து நிக்கிறாரில்லை?"

நியாயமான கேள்வி. யாழ்ப்பாணத்துக்குப் பழைய கேள்வியும்கூட.

நல்லூர் ஆறுமுக நாவலர், பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு சேர்ந்து வேதாகமத்தைத் தமிழாக்கியவர். அந்த வேலையால் வேதாகமத்தின் மூலைமுடுக்கெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. உருவத்தையும் சடங்கையும் வைத்துச் சைவரை மிஷனரிமார் பழித்தபோது, 1854இல் 'சைவதூஷண பரிகாரம்' எழுதினார். உங்கள் வேதத்திலும் கோயில் இருக்கிறது, உடன்படிக்கைப் பெட்டி இருக்கிறது, விளக்கும் தூபமும் இருக்கின்றன; பிறகு எங்களை ஏன் பழிக்கிறீர்கள் என்பதே அவருடைய வாதத்தின் சாரம். கிறிஸ்தவர்கள் இதை ஒதுக்கிவிட முடியாது. வேதாகமத்துக் கடவுள் அடையாளமே காட்டாதவர் அல்லர் என்பதை நாவலர் சரியாகவே பிடித்திருந்தார்.

ஆனால் அந்த அடையாளங்களுக்கு நடுவில் என்ன இருந்தது? எருசலேம் கோயிலின் உள்ளறைக்கு முன்னால் கனத்த திரை. தலைமைக் குரு மட்டும் ஆண்டுக்கு ஒருநாள் அதைத் தாண்டிப் போகலாம். கி.மு. 63இல் ரோமத் தளபதி பொம்பேயு நகரைப் பிடித்து அந்த அறைக்குள் நுழைந்தார். உள்ளே தெய்வ உருவம் எதுவும் இல்லை என்று ரோம வரலாற்றாசிரியர் தசித்து எழுதி வைத்திருக்கிறார். இஸ்ரயேலர் வணங்கியவருக்குச் சிலை கிடையாது. அவர் முகத்தைப் பார்த்து மனிதன் உயிர்தாங்க முடியாது என்று யாத்திராகமம் சொல்கிறது. மோசே கேட்டும் முகம் காட்டப்படவில்லை.

இதற்குக் கிறிஸ்தவம் தரும் முதல் காரணம் எளிமையானது. கடவுள் உலகத்துக்குள் இருக்கும் ஒரு பொருள் அல்லர், உலகத்தைப் படைத்தவர். மலையையும் கடலையும் பார்க்கிற மாதிரி அவரையும் பார்த்துவிடலாம் என்று எதிர்பார்க்க முடியாது. அவர் தம்மைக் காட்டினால்தான் காணலாம்.

சரி, காட்டலாமே? காட்டினால் எல்லாரும் நம்பிவிடுவார்களே?

வேதாகமமே இதற்கு இல்லை என்கிறது. சீனாய் மலையில் இடி, மின்னல், நெருப்பு, எக்காளச் சத்தம். பார்த்த மக்கள் நடுங்கி, கடவுள் நேரடியாகப் பேச வேண்டாம், நீரே பேசும் என்று மோசேயைக் கெஞ்சினார்கள். அந்த மோசே நாற்பது நாள் மலைமேல் இருப்பதற்குள் பொன்னால் கன்றுக்குட்டி செய்து வணங்கினார்கள். கர்மேல் மலையில் எலியாவின் பலிமேல் வானத்திலிருந்து நெருப்பு விழுந்தது. கூட்டம் முகங்குப்புற விழுந்து பணிந்தது. அடுத்த அதிகாரத்தில் எலியா தனியாளாக உயிருக்குப் பயந்து ஓடுகிறார். உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டவர்களிலும் சிலர் சந்தேகப்பட்டார்கள் என்று மத்தேயு ஒளிக்காமல் எழுதுகிறார். காட்சி பயத்தைத் தரும், வியப்பைத் தரும். அன்பைத் தரும் என்ற உத்தரவாதம் இல்லை.

இரண்டாவது காரணம் இங்கேதான் வருகிறது. அதிபர் வாசலில் நிற்கிற நேரத்தில் எந்த வகுப்பும் அமைதியாகத்தான் இருக்கும். அதை வைத்துப் பிள்ளைகளின் குணத்தைச் சொல்ல முடியாது. எல்லாம் வல்லவர் நாள்தோறும் வானத்தில் நின்றால் கீழ்ப்படியாமல் இருக்க யாருக்குத் துணிவு வரும்? கிறிஸ்தவம் சொல்லும் கடவுள் கேட்பது அடிபணிவை மட்டுமல்ல, மனம் விரும்பித் தரும் அன்பை.

மூன்றாவது பதில்தான் கிறிஸ்தவத்தின் உயிர்நாடி. அவர் வந்தார் என்கிறது அது. வந்த விதம்தான் யாரும் எதிர்பாராதது. மாட்டுத் தொழுவத்தில் பிறந்து, நாசரேத்தில் தச்சராக வேலை செய்து, வீதியில் நடந்து, களைத்து, அழுது, சிலுவையில் இறந்த மனிதராக. பக்கத்தில் இருந்து சாப்பிட்டவர்களே அவரை அடையாளம் காணவில்லை. அவர் இறந்த நேரத்தில் அந்தக் கோயில் திரை மேலிருந்து கீழாகக் கிழிந்தது என்கிறது நற்செய்தி.

அப்படியானால் சிலருக்கு மட்டும் இன்றைக்கும் காட்சி எப்படி? பஞ்சாபில் பிறந்த சுந்தர்சிங், வேதாகமத்தை எரித்த இளைஞர். கடவுள் இருந்தால் காட்டட்டும், இல்லையென்றால் ரயிலில் தலைவைப்பேன் என்று 1904 டிசம்பரில் ஒரு விடியலில் மன்றாடினார். இயேசுவைக் கண்டதாகச் சொன்னார். 1918இல் இலங்கைக்கும் வந்து பிரசங்கித்தார். 1929இல் திபெத்துக்குப் புறப்பட்டவர் திரும்பவில்லை. அவர் கண்ட காட்சி அவருடைய வீட்டாரைக்கூட உடனே மாற்றவில்லை. குடும்பம் அவரை ஒதுக்கியது. கண்டவர் செய்ய வேண்டியிருந்தது காணாதவர்களிடம் போய்ச் சொல்வதைத்தான்.

இனி, இந்தப் பதில்கள் எதுவும் இலகுவில் ஆற்றாத இடத்துக்கு வருவோம். கனடியத் தத்துவ அறிஞர் ஷெல்லன்பெர்க் 1993இல் ஒரு நூலில் கேட்டார்: உண்மையாகத் தேடியும் காணாதவர்கள் இருக்கிறார்களே, அன்பான கடவுள் அவர்களிடமிருந்து ஏன் மறைய வேண்டும்? யாழ்ப்பாணத்தில் இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. 1995 ஜூலை 9, நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயம். தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது விமானக் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கடவுளின் வீட்டிலேயே கடவுள் எங்கே இருந்தார்?

இதற்கு மனித சுதந்திரம் என்று ஒற்றை வரியில் பதில் சொல்லிவிட்டுப் போவது கொடுமை. கிறிஸ்தவ விசுவாசம் அங்கே விளக்கத்தைவிடச் சிலுவையைக் காட்டுகிறது. ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கதறியவர் இயேசுவே. கடவுளின் மௌனத்தை உள்ளிருந்து அனுபவித்த ஒருவரைத்தான் கிறிஸ்தவர்கள் ஆண்டவர் என்கிறார்கள். அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007இல் வெளிவந்தபோது, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கடவுளின் அருகாமையை உணராமலே அவர் ஏழைகளைத் தூக்கிச் சுமந்தது தெரியவந்தது. காணாமை அவரை நிறுத்தவில்லை.

கடவுளை ஒருவரும் கண்டதில்லை, நாம் ஒருவரையொருவர் நேசித்தால் அவர் நம்மில் வாழ்கிறார் என்பது யோவானின் முதல் கடிதம் தரும் போதனை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தினார். நம் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவரிடம் காயம் கட்டிக்கொண்டவர்களுக்கு அந்தப் போதனை கண்ணுக்குத் தெரியும் கையாக வந்தது. காணாத கடவுளைக் காட்டும் பொறுப்பு திருச்சபையின் தலையில் இருக்கிறது. சபை அதைச் செய்யாத இடத்தில், கடவுள் எங்கே என்று கேட்பவர்மேல் குற்றமில்லை.

ஆகவே பெற்றோருக்கும் ஆலயத்தில் படிப்பிக்கிற ஆசிரியர்மாருக்கும் ஒரு வேண்டுகோள். "கடவுளை ஏன் காணேல்லை?" என்று கேட்கிற பிள்ளையை, விசுவாசமில்லை என்று அடக்காதீர்கள். பரங்கிமலையில் உயிர்விட்டதாகத் தமிழகக் கிறிஸ்தவ மரபு போற்றும் தோமையாரும் உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டால்தான் நம்புவேன் என்றவர்தான். மற்றச் சீடர்கள் அவரை வெளியே தள்ளவில்லை. எட்டு நாள் கழித்து அவரும் அவர்களோடுதான் இருந்தார். இயேசு மறுபடியும் வந்தார், காயங்களைக் காட்டினார். யோவான் நற்செய்தி 20ஆம் அதிகாரத்தை உங்கள் பிள்ளையோடு இருந்து வாசியுங்கள். கேள்வியை முழுதாகக் கேட்க விடுங்கள்.