பத்தினிக் கோட்டமும் சுருளித் துறையும்

மதுரைக்கு மேற்கே, ஏலமலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் போடிநாயக்கனூர். கொட்டகுடி ஆறு அதன் அருகே ஓடுகிறது. பொழுது புலரும் முன்னரே ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் மகளிரை ஏற்றிக்கொண்டு வண்டிகள் போடிமெட்டு மலைப்பாதையில் வரிசையாக ஏறும். அவர்கள் பறிக்கும் காய் உலர்ந்து, தரம் பிரிந்து, மீண்டும் இவ்வூருக்கே வந்து ஏலம் போகும். ஏலத்தை ஏலத்தில் எடுக்கும் ஊர் என்று வேடிக்கையாகக் கூறுவதும் உண்டு. ஊரினுள் பழைய சமீன் அரண்மனை ஒன்று இருக்கிறது. அதன் சுவர்களில் இராமாயணக் காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன.

தொலைநாடுகளுக்குச் செல்வோர் பாழடைந்த நகரங்களையும் பழைய குளியற்கூடங்களையும் தேடிச் சென்று காண்கின்றனர். துருக்கி நாடு இவ்விரண்டிற்கும் புகழ்பெற்றது. அங்கே பாமுக்கலே என்னும் இடத்தில், வெந்நீர் ஊற்றுகள் சுண்ணப் படிவுகளை அடுக்கடுக்காக விட்டுச் சென்றமையால், மலைச்சரிவு பஞ்சுப் பொதியைப் போல வெண்மையாகக் காணப்படுகிறது. அதன் மேலே கிறித்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் தோன்றிய ஐராப்பொலிசு நகரின் இடிபாடுகள் கிடக்கின்றன. உரோமர் அங்கே கட்டிய பெரிய குளியல் மண்டபமே இன்று அரும்பொருட் காட்சிசாலையாக விளங்குகிறது.

துருக்கியர் தம் குளியற்கூடத்தை ‘ஹமாம்’ என்பர். இச்சொல் தமிழ்நாட்டு வீடுகளில் சோப்பின் பெயராக நன்கு அறிமுகமானதே. கூடத்தின் நடுவே சூடேற்றப்பட்ட சலவைக்கல் மேடை இருக்கும். குளிக்க வருபவர் அதன்மேல் படுத்து உடல் வியர்க்கும்வரை காத்திருப்பார். பின்னர்ப் பணியாளர் சொரசொரப்பான கையுறையால் அழுக்கைத் தேய்த்து எடுப்பார், நுரை பூசுவார், தொட்டியிலிருந்து நீரை முகந்து ஊற்றுவார். உரோமர் பெருந்தொட்டிகளில் இறங்கி மூழ்கிக் குளித்தனர். துருக்கியரோ தேங்கிய நீரை விரும்பாமல், ஓடும் நீரையும் ஊற்றும் நீரையுமே தூயதெனக் கொண்டனர். இசுதான்புல் நகரில் 1584ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ஒரு ஹமாம் இன்றும் குளிப்போரை வரவேற்கிறது.

இத்தகைய இணை தமிழ்நாட்டில் இல்லையா? உண்டு. போடியிலிருந்து தேவாரம் வழியாகத் தெற்கே சென்றால் கம்பம் பள்ளத்தாக்கை அடையலாம். அப்பள்ளத்தாக்கின் ஒருபுறத்து மலைமுடியில் ஒரு பழங்கோயிலின் இடிபாடு நிற்கிறது. மறுபுறத்து மலைச்சரிவில் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குளித்துவரும் துறை ஒன்று இருக்கிறது. முன்னது மங்கலதேவி மலையில் உள்ள கண்ணகி கோயில். பின்னது சுருளி அருவி.

கண்ணகி கோயில் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,337 மீட்டர் உயரத்தில், தமிழ்நாடும் கேரளமும் கூடும் எல்லையில் உள்ளது. சுற்றிலும் பெரியாற்றுப் புலிகள் காப்பகக் காடு. யானையும் காட்டெருமையும் நடமாடும் அவ்விடத்திற்கு நினைத்த நாளில் எவரும் செல்ல இயலாது. ஆண்டில் ஒரே ஒரு நாள், சித்திரை முழுமதி நாளில் மட்டும், இரு மாநில அலுவலர்களும் கலந்து பேசி வழிதிறந்து விடுகின்றனர். கூடலூரை அடுத்த பளியன்குடியிலிருந்து ஆறு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியான தொலைவு காட்டுப்பாதையில் நடந்து ஏறலாம். குமுளியிலிருந்து வண்டியிலும் செல்லலாம். நடந்து ஏறுவோருக்கு முதலில் முட்புதரும், பிறகு மரநிழலும், இறுதியில் நிழலே இல்லாத புல்வெளிச் சரிவும் எதிர்ப்படும். சித்திரை வெயிலில் அந்தக் கடைசி ஏற்றந்தான் கடினமானது. முதியோர் பலர் கோலூன்றி நின்று நின்று ஏறுவர். திரும்பிப் போக எவரும் எண்ணுவதில்லை.

ஏன் இத்துணைப் பாடு? விடை சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. குற்றமற்ற கணவன் கள்வன் எனக் கொல்லப்பட்டபின், கண்ணகி மதுரையை எரியூட்டி, வையைக் கரை வழியே மேற்கு நோக்கி நடந்தாள். மலைமீது ஏறி ஒரு வேங்கை மரத்தின் நிழலில் நின்றாள். பதினான்காம் நாள் கோவலன் வானவரோடு வந்து அவளை அழைத்துச் சென்றான். இதனைக் கண்டவர் மலைவாழ் குறவர். மலைவளம் காண வந்து பெரியாற்றங்கரையில் தங்கியிருந்த சேரன் செங்குட்டுவனிடம் அவர்களே சென்று செய்தியைக் கூறினர். நம் நாட்டுக்கு வந்த இப்பத்தினியை வழிபடுதல் வேண்டும் என்றாள் அரசி.

சிலைக்கு எங்கிருந்து கல் எடுப்பது என்னும் வினா அப்போது எழுந்தது. பொதிய மலையில் எடுத்தால் காவிரியில் நீராட்டலாம். இமயத்தில் எடுத்தால் கங்கையில் நீராட்டலாம் என்றனர் அறிந்தோர். செங்குட்டுவன் இமயத்தையே தேர்ந்தான். வடவரசரான கனகனையும் விசயனையும் வென்று, அவர்தம் தலைமேல் கல்லை ஏற்றிக் கங்கையில் நீராட்டிக் கொணர்ந்தான். இந்நீராட்டுக்கென்றே இளங்கோவடிகள் ‘நீர்ப்படைக் காதை’ என ஒரு காதை வகுத்துள்ளார். கல்லைக் காண்பது, கொள்வது, நீராட்டுவது, நடுவது என்பன பண்டைத் தமிழர் நடுகல் வழிபாட்டின் படிகள். நீராடாத கல் கல்லாகவே இருக்கும். நீராடியபின் அது தெய்வமாகும்.

மங்கலதேவி மலையில் உள்ள கோயிலே அப்பத்தினிக் கோட்டம் என்று 1963ஆம் ஆண்டில் எடுத்துரைத்தவர் தமிழறிஞர் சி. கோவிந்தராசனார். சிலம்பு கூறும் வழியையும், மலையின் அமைப்பையும், அங்குள்ள கல்வெட்டுகளையும் ஆராய்ந்து அவர் இம்முடிவுக்கு வந்தார். அறிஞர் அனைவரும் இதில் ஒருமித்துவிட்டனர் என்று கூற இயலாது. செங்குட்டுவன் கோயில் எடுத்தது தன் தலைநகராகிய வஞ்சியில் என்பாரும், கொடுங்கல்லூர்ப் பகவதி கோயிலே அது என்பாரும் உளர். இன்று நாம் காணும் கற்கட்டடம் செங்குட்டுவன் காலத்துக்கு மிகவும் பிற்பட்டது என்பதும் உண்மையே. ஆயினும், பழைய வழிபாட்டிடத்தின்மேல் பிற்கால மன்னர் கற்றளி எழுப்புவது தமிழகத்தில் புதிதன்று. கண்ணகி நின்ற மலை இதுவாயின், அவளை முதலில் கண்ட குறவரின் சொல்லும், அவளைக் காண ஏறிவரும் இன்றைய மக்களின் நம்பிக்கையும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. அக்கோயிலின் பெருமைக்கு அதுவே போதும்.

கோயிலின் இன்றைய நிலை காண்போர் உள்ளத்தை வருத்துவதாகும். சுற்றுமதிலின் கற்கள் சரிந்து கிடக்கின்றன. மதிலின் இடுக்குகளில் செடிகள் வேர்விட்டுள்ளன. சாந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட கருங்கற்கள், ஒரு கல் நழுவினால் அதன்மேலுள்ள வரிசை முழுவதும் நெகிழும் இயல்பின. அவற்றுள் புகும் வேருக்கோ விடுமுறை இல்லை. பழுது பார்ப்பது யார், எந்த மாநிலத்தின் எல்லைக்குள் கோயில் நிற்கிறது என்னும் வழக்கு நெடுங்காலமாக நீடிக்கிறது. காட்டின் அமைதியைக் காப்பதும் வேண்டும். கல்லைக் காப்பதும் வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிட்டால் இரண்டில் ஒன்று அழியும்.

விழா நாளில் மட்டும் அவ்விடம் உயிர்பெறுகிறது. தமிழ் வழிபாடும் மலையாள வழிபாடும் அருகருகே நிகழ்கின்றன. பூவும் வளையலும் கொண்டுவந்த பெண்கள் வெயிலைப் பொருட்படுத்தாது வரிசையில் நிற்பர். மலைமுடியில் நின்று கிழக்கே நோக்கினால் கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் விரிந்து தோன்றும். மறுபுறம் பெரியாற்று நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காடு. மேற்கே ஓடிக் கடலில் கலந்த அந்த ஆற்றின் நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியவர் பென்னிக்குவிக்கு. அணை 1895ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. செங்குட்டுவன் எந்த ஆற்றின் கரையில் கண்ணகியின் கதையைக் கேட்டானோ, அந்த ஆற்றின் நீர் இன்று அவள் நடந்துவந்த வையைக்கே வந்து சேர்கிறது. பொழுது சாயுமுன் வனக்காவலர் அனைவரையும் கீழே இறக்கிவிடுவர். பாதை அடைபடும். அடுத்த சித்திரை வரையில் கோயிலுக்குக் காவல் காடுதான்.

இறங்கி வந்தவர்க்குக் கால் வலிக்கும். உடல் புழுதி படிந்திருக்கும். மறுநாட் காலையில் அவர்களில் பலர் சுருளியை நாடுவர். கம்பத்திற்கு அண்மையில், மேகமலைச் சரிவில் விழும் அருவி அது. தைத் திங்களிலும் ஆடித் திங்களிலும் காருவா நாளன்று முன்னோரை நினைந்து நீராட அங்கே பெருங்கூட்டம் கூடும். ஏனைய நாட்களில் குடும்பம் குடும்பமாக வந்து எண்ணெய் தேய்த்து, சீயக்காய் குழைத்து, அருவிக்கடியில் நிற்பர்.

‘குளி’ என்னும் சொல்லுக்கு மூழ்குதல் என்பது பழைய பொருள். முத்துக்குளித்தல் என்னும் வழக்கில் அப்பொருள் இன்றும் வாழ்கிறது. அருவியிலோ மூழ்குவதற்கு இடமில்லை. நீரே வந்து தலையில் மோதும். முதல் அடி மூச்சை நிறுத்தும். கண்ணைத் திறக்க முடியாது. பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேளாது. சிறிது நேரத்தில் தோள்கள் தாமே தளரும். ஹமாமில் வெப்பமும் கையுறையும் செய்யும் வேலையை இங்கே நீரின் எடையே செய்துவிடுகிறது. கூலி கேட்பதும் இல்லை. துருக்கியர் போற்றும் ‘ஓடும் நீர்’ என்னும் விதிக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

மலையில் மழை மிகும் காலத்தில் அருவியில் வெள்ளம் பெருகும். அப்போது வனத்துறையினர் குளிக்க விடுவதில்லை. மற்ற நாட்களில் குளித்து முடித்தோர் ஈரத்துணியைப் பாறையில் பரப்பி உலர்த்துவர். அருவி நீர் சுருளியாறாகப் பாறைகளினூடே இறங்கி, வயல்களுக்குப் பாய்ந்து, எஞ்சியது வையையோடு கலந்து மதுரைப் பக்கம் செல்லும்.