கமரா நின்றுபோனால் அவசரப்படாதீர்கள்



வளைகுடாவில் சில வருடம் உழைத்துவிட்டு இங்கு கனடாவுக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் எம்மிடையே பல. அவர்களுடைய சூட்கேசைத் திறந்தால் அடியில் துணிக்குள் சுற்றிய டிஜிட்டல் கமரா ஒன்று இருக்கும். ரியாத்தில் இருந்தவர்களுடையது என்றால் அது அநேகமாகப் பத்தாவில் வாங்கியதாக இருக்கும். இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, கமராவை யாரும் தொடுவதில்லை. ஆனால் ஊர்ப் படங்கள் அதற்குள்தான் கிடக்கின்றன. ஒருநாள் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று எடுத்து அமத்துவோம். லென்ஸ் பாதி வெளியே வந்து நிற்கும், திரையில் ஒரே படம் அசையாமல் கிடக்கும், நிறுத்தும் பொத்தானும் வேலை செய்யாது.

நாங்கள் படித்தவர்கள் அல்ல. பத்தாம் வகுப்போடு நின்று, தொழிற்சாலையில் நிற்பவர்கள். இந்த விசயத்தில் பட்டு அறிந்ததைத்தான் எழுதுகிறோம்.

2010ஆம் ஆண்டு ரியாத்தில் ஒரு றூமில் ஆறு பேர் இருந்தோம். ஆளுக்கு 75 ரியால் போட்டு 450 ரியாலுக்கு ஒரு கமரா வாங்கினோம். பத்தாவை அறியாதவர்களுக்குச் சொல்வதானால், அது நகரின் பழைய கடைத்தெரு. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த பிறகு மலையாளிகள், வங்காளிகள், பிலிப்பைன்காரர், நாங்கள் என்று கால் வைக்க இடமிருக்காது. ஊர்க் கதை, ஊர் மீன், போன் காட் எல்லாம் அங்கேதான். கமராவும் மெமரி காட்டும் மலைபோல் குவிந்திருக்கும். நல்லதும் போலியும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும்.

அந்த வருடம் எங்களில் ஒருவர் லீவில் வன்னிக்குப் போனார். முகாமிலிருந்து வெளியே வந்து தறப்பாள் கொட்டிலில் இருந்த தாயைப் படம் எடுத்தார். கூரையில்லாத வீடு, கிணற்றடி, எரிந்த பனைகள் என்று 212 படங்கள். திரும்பி வந்து றூமில் காட்டத் தொடங்கி இருபது படம் ஓடியிருக்காது, கமரா நின்றுவிட்டது. நாங்கள் ஆளுக்கொரு பொத்தானை அமத்தினோம். ஒருவர் கோபத்தில் காட்டை இழுத்து எடுத்தார். பிறகு போட்டபோது காட்டில் படமே இல்லை என்றது.

வெள்ளிக்கிழமை பத்தாவுக்குக் கொண்டோடினோம். முதல் கடைக்காரர் பார்த்தவுடன், ‘போர்மற் அடித்தால் சரி’ என்றார். அவர் பொத்தானில் விரல் வைக்கும் நேரம் அசர் தொழுகைக்கு அழைப்புக் கேட்டது. அந்தக் காலத்தில் தொழுகை நேரம் எல்லாக் கடையும் பூட்ட வேண்டும். ஷட்டரை இறக்கிவிட்டார்கள். கமராவும் கையுமாய் வெயிலில் நின்ற எங்களை, பக்கத்துக் கடை வாசலில் நின்ற மலையாளி ஐயா ஒருவர் என்ன விசயம் என்று கேட்டார். கேட்டுவிட்டு, காட்டை வாங்கி ஒரு தாளில் மடித்துத் தந்து, இதில் இனி ஒரு படமும் எடுக்கக் கூடாது, எதையும் அழிக்கவும் கூடாது என்றார். கடை திறந்ததும் தன் கம்பியூட்டரில் போட்டு மூன்று மணித்தியாலம் இருந்து 180 படம் மீட்டுத் தந்தார். தாயின் படங்கள் எல்லாம் வந்தன. 2012இல் அந்த அம்மா இறந்துவிட்டார். அவருடைய முகம் இருப்பது அந்தப் படங்களில் மட்டும்தான். யுத்தத்துக்கு முந்திய அல்பங்கள் முள்ளிவாய்க்காலோடு போய்விட்டன.

அவர் சொன்ன விளக்கம் எங்களுக்கு இன்றும் நினைவிருக்கிறது. காட் என்பது ஒரு கொப்பி. அதன் முதல் ஒற்றையில் எந்தப் படம் எங்கே என்ற பட்டியல் இருக்கிறது. பழுதாவதும் அழிபடுவதும் பெரும்பாலும் அந்த ஒற்றைதான். உள்ளே உள்ள படம் அப்படியே கிடக்கும். அதற்கு மேல் புதிதாக எழுதினால்தான் போகும். ஆகவே பட்டியல் போனதும் புதுப்படம் எடுக்காமல் விட்டால் மீட்கலாம். போட்டோரெக் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. போர்மற் செய்த காட்டிலிருந்தும் பலசமயம் மீட்கலாம். ஆனால் சில கமராவில் முழுவதையும் துடைத்துவிடும் போர்மற்றும் உண்டு, அதை நம்பி இறங்கக் கூடாது.

ஆகவே உங்கள் கமரா நின்றால் முதலில் கையை எடுங்கள். சிவப்பு விளக்கு மினுங்கினால் அது காட்டில் எழுதிக்கொண்டிருக்கிறது. இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். அசையாவிட்டால் பற்றறியைக் கழற்றுங்கள். காட்டை முதலில் இழுக்க வேண்டாம், நாங்கள் விட்ட பிழை அதுதான். கமராவும் ஒரு சின்னக் கம்பியூட்டர். அதன் புரோகிராம் சிக்கினால், கரண்ட் இல்லாமல் கொஞ்ச நேரம் கிடந்து எழும்பும்போது பெரும்பாலும் சரியாகிவிடும். எழும்பினால் வேறு வேலை பார்க்காமல் படங்களைக் கம்பியூட்டருக்கு மாற்றுங்கள். எழும்பாவிட்டால் காட்டைக் கழற்றிக் காட் ரீடரில் போட்டு மாற்றுங்கள். எல்லாம் மாற்றிய பிறகுதான் போர்மற். அதையும் கமராவுக்குள்ளேயே செய்யுங்கள்.

திரும்பத் திரும்ப நின்றால் அநேகமாகக் குற்றம் கமராவில் இல்லை. பற்றறியையும் காட்டையும் பாருங்கள். பற்றறி முனையைக் காய்ந்த துணியால் துடையுங்கள். பென்சில் பற்றறி போடும் கமராவுக்குச் சாதாரண பற்றறி தாக்குப் பிடிக்காது, சார்ஜ் ஏற்றும் நிக்கல் பற்றறி நல்லது. காட்டைப் பொறுத்தவரை போலிதான் பெரிய தலைவலி. 2 ஜீ.பி. காட்டில் 16 என்று அச்சடித்து விற்பார்கள். முதலில் நன்றாக வேலை செய்யும். 2 நிரம்பிய பிறகு எடுத்தவை ஒன்றுமே இராது. காட் முழுவதையும் ஒருமுறை நிரப்பி, திரும்ப வாசித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். 2006க்கு முந்திய கமராவுக்கு 2 ஜீ.பி.க்கு மேற்பட்ட காட் பெரும்பாலும் ஒத்துவராது என்பதும் கவனத்திற்குரியது.

கமராவிலேயே குற்றம் இருந்த காலமும் உண்டு. 2005 ஒக்டோபரில் சோனி, கெனன், நிக்கொன், புஜி முதலிய கொம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாக அறிவித்தன. பல கமராக்களுக்குள் இருந்தது சோனி செய்த ஒரே வகைச் சில்லு. சூடும் ஈரப்பதனும் கூடிய இடத்தில் அதன் உள்வயர் தொடர்பு விட்டுப் படம் கறுப்பாகியது. கரண்டி காலம் முடிந்தவற்றையும் இலவசமாகத் திருத்திக் கொடுத்தார்கள். வளைகுடாவின் கரையோர ஊர்களில் சூடும் ஈரமும் இரண்டுமே உண்டு. ரியாத் காய்ந்த ஊர்தான், ஆனால் கோடையில் 45 பாகை போகும். கமரா ஏட்டில் போட்டிருப்பது பெரும்பாலும் 0 முதல் 40 பாகைவரை. வேன் டாஷ்போட்டில் கமராவை வைத்துவிட்டு வேலைக்குப் போனால் என்ன ஆகும்? மணல் லென்ஸ் பற்களுக்குள் போனால் கறகற என்ற சத்தம் வரும், அதைக் கையால் தள்ளக்கூடாது.

இங்கே கதை மறுபக்கம். குளிரில் பற்றறி சட்டென இறங்கும், கோட்டின் உட்பையில் வையுங்கள். வெளியில் எடுத்துவிட்டு வீட்டுக்குள் வரும்போது பொலித்தீன் பையில் கட்டிக்கொண்டு வந்து, சூடு ஏறிய பிறகு திறவுங்கள். இல்லாவிட்டால் உள்ளே வியர்க்கும்.

இன்னொன்று. பற்றறியைக் கழற்றி நெடுநாள் வைத்தால் திகதி அழிந்து, 2000 தை 1 என்றோ வேறெதுவோ காட்டும். எங்களில் இன்னொருவர் 2011இல் ஊரில் கலியாணம் செய்தார். மனைவியைக் கூப்பிட விண்ணப்பம் போட்டபோது, கலியாணப் படங்களின் மூலையில் பதினொரு வருடம் முந்திய திகதி. பொம்பிளைக்கு அப்போது பன்னிரண்டு வயது! விளக்கக் கடிதம் எழுதி, அழைப்பிதழும் பதிவுப் பத்திரமும் சேர்த்து அனுப்ப வேண்டியதாயிற்று. பற்றறி போட்டவுடன் திகதியைச் சரிபாருங்கள்.

அந்த 450 ரியால் கமரா இப்போது எங்கள் வீட்டில் நிற்கிறது. லென்ஸ் உள்ளே போகாது. காட்டைத் தனியே ஒரு சின்ன டப்பாவில் வைத்திருக்கிறோம். யாருடைய காட்டிலாவது படங்கள் காணாமல் போயிருந்தால் பத்திரிகைக் காரியாலயத்தில் சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு ஷிப்ட் இல்லை.