அப்பன் வெட்டிய கிணறு

அப்பன் வெட்டிய கிணறு என்பதற்காக உப்பு நீரைக் குடிக்கலாமா என்று கேட்பது நம்மவர் வழக்கம். நியாயமான கேள்வியே. ஆனால் நன்னீர் ஊறும் கிணற்றை, அப்பன் வெட்டியது என்பதற்காகவே தூர்த்துவிடுவது அறிவுடைமையாகுமா? இருபதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய இசையுலகில் எழுந்த பெரும் வழக்கு இதுவே.

வியன்னாவில் பிறந்த ஆர்னால்டு ஷோன்பெர்க் முதலியோர், ஓர் ஆதார சுரத்தைச் சுற்றி இசையமைக்கும் நெடுநாளைய முறையை அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிட்டனர். இரண்டாம் உலகப் போருக்குப்பின் வந்த பலர், மனத்தில் நிற்கும் மெட்டையே பழம்பொருளென ஒதுக்கினர். குரோவாசியாவின் சாக்ரெப் நகரில் மில்கோ கெலமன் முன்னின்று 1961-இல் தொடங்கிய இசைவிழா, அந்நாட்டில் இப்புதுமைக்கு வாயிலாயிற்று.

பின்னர் வந்தது பின்நவீனத்துவம். எந்தக் காலத்துப் பாணியும் விலக்கன்று என்று அது கதவைத் திறந்தது. ஆயினும் அவ்வழி நின்றோருள் பலர் பழைய இசையைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டினர். சிலர் அதைக் கேலிப் பொருளாகவும் ஆக்கினர்.

இவ்விடத்தில்தான் 1948-இல் ஸ்பிளிட் நகரில் பிறந்த ஃப்ரானோ பராச் நம் கருத்தைக் கவர்கிறார். அவரது 'யூதித்து' என்னும் இசைநாடகம் 2000-ஆம் ஆண்டு அந்நகரிலேயே அரங்கேறியது. அதன் மூலம், அவ்வூர்க் கவிஞர் மார்க்கோ மருலிச் 1501-இல் இயற்றி 1521-இல் வெனிசில் அச்சேறிய காவியம். இலத்தீன் அறியாத எளியோரும் உணருமாறு தாய்மொழியில் அதைப் பாடினார் மருலிச்.

முற்றுகையிடப்பட்ட பெத்தூலியாவை ஒரு கைம்பெண் இறைவனை நம்பி மீட்ட வரலாற்றை நாம் விவிலியத்தில் வாசித்திருக்கிறோம். மருலிச் எழுதிய நாளில் துருக்கியப் படைகள் ஸ்பிளிட்டின் சுற்றுப்புறத்தைச் சூறையாடி வந்தன. பராச்சின் நாடகம் அரங்கேறியபோதோ, குரோவாசியா 1991 முதல் 1995 வரை நடந்த போரைக் கடந்து ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. முற்றுகையின் துயரை நேரில் அறிந்த மக்களுக்கு இக்கதையைக் கேலியாகச் சொல்ல இயலுமோ?

பராச் பின்நவீனத்துவக் காலத்தவரே. அது திறந்த கதவின் வழியே மெட்டுக்கும் தெளிவான சுரச் சேர்க்கைக்கும் திரும்பியவரே. ஆனால் பழைமையை அவர் வேடமாக அணியவில்லை. தாம் சொல்ல விரும்பியதைச் சொல்லும் தாய்மொழியாகவே அதைக் கையாண்டார். பழைமையைப் பயன்படுத்துவது வேறு, பழைமையை நம்புவது வேறு என்று நாம் கருதுகிறோம்.

அன்பு வாசகர்களே, பழையது என்று எதையும் தள்ளுமுன், பழையது என்று எதையும் போற்றுமுன், ஒரு கை நீர் அள்ளிப் பருகிப் பார்ப்போம். உப்பாயின் விட்டுவிடுவோம். இனிதாயின், நம் பிள்ளைகளும் இறைத்துக் குடிக்கக் கயிற்றையும் வாளியையும் அவர்கள் கையில் கொடுப்போம்.